மாதம் 5,000 பார்வை என்று இலக்கு வைத்தேன், இப்போது எதை அளப்பது என்றே தெரியவில்லை

பாபின்கேஸ் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பழைய தையல் மெஷின்களைப் பழுதுபார்ப்பது பற்றி இரண்டு வருடமாக ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில்தான். விளம்பரம் கிடையாது, எதையும் விற்கவும் இல்லை. ஒரு மெஷினைக் கழற்றி மாட்டும்போது தெரிந்துகொண்டதைப் படத்தோடு எழுதி வைக்கிறேன், இதுவரை 61 பதிவுகள்.

இந்த வருடத் தொடக்கத்தில் மாதம் 5,000 பார்வை என்று ஒரு இலக்கு வைத்துக்கொண்டேன். ஏன் 5,000 என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அப்போது 2,000 சொச்சம் வந்துகொண்டிருந்தது, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும் என்று நினைத்தேன். முதல் மூன்று மாதம் அசையவே இல்லை. நான்காவது மாதம் திடீரென்று 6,300. பார்த்தால், துருப்பிடித்த கை மெஷின் ஒன்றைச் சுத்தம் செய்து, முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி இருக்கிறது என்று இரண்டு படம் போட்டு நாலு வரி எழுதியிருந்தேன், அதை யாரோ ஒரு பெரிய முகநூல் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். இரண்டே நாளில் நாலாயிரம் பார்வை அந்த ஒரு பதிவுக்கு மட்டும். ஒரு பின்னூட்டம்கூட இல்லை. வேறு எந்தப் பதிவையும் அவர்கள் திறந்து பார்த்த மாதிரியும் தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் 2,200. இலக்கைத் தொட்டாயிற்று என்று சந்தோஷப்படவும் முடியவில்லை.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்வது பற்றி ஒரு பதிவு வைத்திருக்கிறேன். எல்லோரும் பாபினைத்தான் (அடி நூல் சுற்றிய குட்டி உருளை) சந்தேகப்படுவார்கள், ஆனால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோத்தால், மேல் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராது, அதனால்தான் அடியில் சிக்குகிறது. இதைப் படித்துவிட்டு ஒரு அம்மா மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மூன்று வாரமாக மூடி வைத்திருந்த மெஷினை அன்றைக்குத் திறந்து, பேத்திக்குப் பாவாடை தைத்து முடித்துவிட்டாராம். அந்தப் பதிவுக்கு மாதம் நாற்பது பார்வை வந்தால் அதிகம்.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் கேட்கிறேன். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிளாகர் 2,200 என்கிறது, அதே மாதத்துக்கு கூகுள் அனலிட்டிக்ஸ் 900 என்கிறது. எதை நம்புவது? உங்களில் யாராவது எண்ணில் இலக்கு வைத்து எழுதுகிறீர்களா, அப்படியானால் எந்த எண்?

மழைக்காகிதம் எழுதியது:

முதலில் அந்த 2,200க்கும் 900க்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசிவிடலாம், அது புரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

பிளாகர் தன் பக்கத்தை யார் கேட்டாலும் எண்ணிவிடுகிறது. தேடுபொறிகள் அனுப்பும் பாட்கள், இணையத்தை நகலெடுத்துக்கொண்டே திரியும் நிரல்கள் எல்லாம் அதில் கலந்துவிடும். அனலிட்டிக்ஸ் அப்படி இல்லை. படிப்பவரின் பிரௌசருக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் அது எண்ணும், தெரிந்த பாட்களைத் தானே கழித்தும் விடுகிறது. ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஆக ஒன்று கூட்டிச் சொல்கிறது, மற்றது குறைத்துச் சொல்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், அதைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் போன வருடத்து எண்ணோடு இந்த வருடத்து எண்ணை ஒப்பிடுங்கள். இதில் ஒரு எண், அதில் ஒரு எண் என்று கலந்து பார்ப்பதுதான் ஆபத்து.

உங்கள் சொந்தப் பார்வையை நிறுத்திவிட்டீர்களா? பிளாகர் புள்ளிவிவரப் பக்கத்தில் அதற்கு ஒரு தேர்வு உண்டு. அது குக்கியில் (பிரௌசர் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பு) பதிவதால் ஒவ்வொரு பிரௌசரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், குக்கியை அழித்தால் திரும்பவும் செய்ய வேண்டும். நான் ஒரு வருடம் கணினியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கைபேசியை மறந்திருந்தேன். பதிவு போட்டதும் எழுத்துப்பிழை பார்க்கக் கைபேசியில் எத்தனை தடவை திறப்போம், யோசித்துப் பாருங்கள். என் சின்ன வலைப்பூவில் அதுவே கணிசமான பங்காக இருந்தது.

அனலிட்டிக்ஸில் பார்வையை விட்டுவிட்டு ஈடுபாட்டு நேரத்தைப் பாருங்கள் என்பேன். பழைய அனலிட்டிக்ஸ் (அது 2023 ஜூலை 1ஆம் தேதியோடு கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது) ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் ஆழ்ந்து படித்துவிட்டுப் போனாலும் நேரம் பூஜ்யம் என்றுதான் போடும், ஏனென்றால் அடுத்த பக்கத்தைத் திறந்தால்தான் அதற்கு நேரம் கணக்கிடத் தெரியும். வலைப்பூ எழுதுகிறவர்களுக்கு அது பெரிய அநியாயம். இப்போதுள்ள ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4), பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ இரண்டாவது பக்கம் திறந்தாலோ அதை ஈடுபாடுள்ள வருகை என்று வைத்துக்கொள்கிறது. பக்கத்தின் 90 சதவீதம் வரை உருட்டியவர்களையும் தனியாகக் காட்டும். உங்கள் கை மெஷின் பதிவையும் நூல் சிக்கல் பதிவையும் இந்த இரண்டு எண்ணிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். ஜிஏ4 அமைப்பில் தரவு வைத்திருக்கும் காலம் இரண்டு மாதம் என்றுதான் இருக்கும், அதை 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். வழக்கமான அறிக்கைகளுக்கு இதனால் பாதிப்பில்லை, ஆனால் நாமே நோண்டிப் பார்க்கிற பகுதியில் பழைய தரவு போய்விட்டால் திரும்ப வராது.

கல்யாணமுருங்கை எழுதியது:

மழைக்காகிதம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வி எண் சரியா தப்பா என்பது இல்லையே, இலக்கு வைக்கலாமா என்பதுதான். நான் வைக்கலாம் என்ற கட்சி.

பார்வை எண்ணிக்கையை இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். மண்ணில்லாமல் செடி வளர்ப்பது பற்றி எழுதுகிறேன். ஒரு வருடம் பார்வையை ஏற்றியே தீருவது என்று இருந்தேன். ஒரு பதிவாக எழுத வேண்டியதை மூன்று பாகமாகப் பிரித்தேன், தலைப்பில் விஷயத்தைச் சொல்லாமல் மறைத்தேன், வாரம் இரண்டு என்று கணக்குக்கு எழுதினேன். எண் ஏறியது, அதை மறுக்கவில்லை. வருடக் கடைசியில் நானே உரக்கரைசல் அளவு ஒன்றைத் தேடி என் வலைப்பூவுக்குள் போனேன், மூன்று பாகத்தையும் புரட்டியும் சட்டென்று கண்ணில் படவில்லை. நான் எழுதியது எனக்கே உதவவில்லை என்றால் வந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? அன்று ராத்திரி உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக்கினேன், பார்வை குறைந்தது, அதற்கு வருத்தப்படவில்லை.

அதற்குப் பிறகு இலக்கை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டேன். என் கையில் இருப்பது ஒன்று: மாதம் ஒரு புதுப் பதிவு, ஒரு பழைய பதிவைத் திருத்துவது. இதைச் செய்தேனா இல்லையா என்று என்னையே கறாராகக் கேட்டுக்கொள்வேன். கையில் இல்லாதது இன்னொன்று: தேடி வருகிறவர்கள். இதற்கு இலக்கு எண் வைப்பதில்லை, திசை மட்டும் பார்ப்பேன்.

பாபின்கேஸ், உங்களுடையது பழுது பற்றிய வலைப்பூ. மெஷின் மக்கர் செய்யும்போதுதான் ஆள் வருவார். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது அனலிட்டிக்ஸைவிட சர்ச் கன்சோல். கூகுள் தேடலில் என்ன வார்த்தை போட்டபோது உங்கள் பக்கம் பட்டியலில் வந்தது, எத்தனை பேர் அதைத் தட்டினார்கள் என்று அது சொல்லும். பட்டியலில் வந்த எண்ணிக்கை இம்ப்ரஷன், தட்டிய எண்ணிக்கை கிளிக். 16 மாதத் தரவு இருக்கும். அதனால் இந்த மூன்று மாதத்தைப் போன வருடம் இதே மூன்று மாதத்தோடு ஒப்பிட முடிகிறது. மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள். விடுமுறை, பண்டிகை என்று தேடலே ஏறி இறங்கும், அதை நம் எழுத்தின் தலையில் போட்டுக்கொண்டு வீணாக மனம் கஷ்டப்படும்.

அதில் தேடல் வார்த்தைகள் பட்டியலை இம்ப்ரஷன் வரிசையில் அடுக்கிவிட்டு மெதுவாகப் படியுங்கள். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்தில் நாலு விதமாகவும், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து இன்னும் ஆறு விதமாகவும் கேட்டிருப்பார்கள். நாம் "நூல் இழுவிசை" என்று எழுதியிருப்போம், அவர்கள் "நூல் டைட்" என்று தேடியிருப்பார்கள். மிக அபூர்வமாகத் தேடப்படும் வார்த்தைகளைத் தனியுரிமைக்காகக் காட்டாது, அதனால் பட்டியலைக் கூட்டினால் மொத்தம் பொருந்தாது, பயப்பட வேண்டாம்.

சராசரி இடம் என்று ஒரு எண்ணும் இருக்கும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு கேள்விக்கு மூன்றாவது இடத்தில் இருக்கிறீர்கள், புதிதாக வேறு ஐந்து கேள்விகளுக்கு நாற்பதாவது இடத்தில் தலைகாட்ட ஆரம்பிக்கிறீர்கள் என்றால் சராசரி படுத்துவிடும். ஆனால் நடந்தது நல்லதுதான்.

பாபின்கேஸ் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை மெஷின் பதிவுக்குச் சராசரி ஈடுபாட்டு நேரம் 7 வினாடி. நூல் சிக்கல் பதிவுக்கு 3 நிமிடம் 40 வினாடி. இதைப் பார்த்ததும் அந்த நாலாயிரம் பற்றிய உறுத்தல் போய்விட்டது. அவர்கள் படம் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

ஆனால் சர்ச் கன்சோலைத் திறந்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தையல் மெஷின் நூல் அறுந்து போகிறது" என்ற தேடலுக்கு மூன்று மாதத்தில் 847 இம்ப்ரஷன், 9 கிளிக். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. ஊசியின் தட்டையான பக்கம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், நுனி மழுங்கியதை நகத்தில் உரசிப் பார்ப்பது எப்படி, நூல் போகும் வழியில் எங்கெல்லாம் பிசிறு இருக்கலாம் என்று பதினோரு படம் போட்டு எழுதிய பதிவு அது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது அதற்கு. ஆனால் தலைப்பு என்ன தெரியுமா? "ஒரு மாலை நேரத்து வேலை". முதல் இரண்டு பத்தியில் அந்த மெஷின் எனக்கு எப்படிக் கிடைத்தது என்ற கதைதான் இருக்கிறது. நூல் என்ற சொல்லே நாலாவது பத்தியில்தான் வருகிறது. தேடல் பட்டியலில் இந்தத் தலைப்பைப் பார்த்தால் நானே தட்டமாட்டேன்.

838 பேர்! அவ்வளவு பேரும் நூல் அறுந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லையா.

மழைக்காகிதம் எழுதியது:

838 பேர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே ஆள் மூன்று தடவை தேடினால் மூன்று இம்ப்ரஷன். நீங்கள் பட்டியலில் கீழே இருந்ததால் உங்கள் வரிவரை வராமலே போனவர்களும் அதில் உண்டு. கூகுளே மேலே சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டதால் எதையும் தட்டாமல் போகிறவர்கள் வேறு. ஆனாலும் அந்தத் தலைப்பை மாற்ற வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை.

அரைநிலவு எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், பாபின்கேஸுக்கு இல்லாவிட்டாலும் இந்த இழையைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

எல்லா வலைப்பூவும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நான் படித்ததையும், நடந்து போகும்போது பார்த்ததையும், அப்பாவின் கடைசி வருடங்களையும் எழுதுகிறேன். அதை யாரும் கூகுளில் தேடி வரமாட்டார்கள். தேடுவதற்கு அதில் கேள்வியே இல்லை. எனக்கு சர்ச் கன்சோல் பூஜ்யம் காட்டுகிறது, காட்டட்டும். என்னிடம் இருப்பது திரும்பத் திரும்ப வருகிறவர்கள். அவர்களை எண்ணுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

அனலிட்டிக்ஸில் திரும்பி வந்தவர்கள் என்று ஒரு எண் இருக்கிறதே என்பீர்கள். அது குக்கியை வைத்து ஆளை அடையாளம் காண்கிறது. ஐபோனில் உள்ள சஃபாரி பிரௌசர் இந்த மாதிரி குக்கிகளை ஏழு நாளில் அழித்துவிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை தவறாமல் வந்து படிக்கிற ஒருவர் ஒவ்வொரு தடவையும் புது ஆளாகவே பதிவாவார். என் மிக நல்ல வாசகர்தான் கணக்கில் அந்நியராக இருக்கிறார். ஃபீடு (புதுப் பதிவுகளைத் தானாக வேறு செயலிக்கு அனுப்பும் வசதி) வழியாக முழுப் பதிவையும் படிக்கிறவர்கள் பக்கத்துக்கே வருவதில்லை, அவர்கள் எந்த எண்ணிலும் இல்லை. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய சுட்டியைத் தட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் "நேரடி" என்ற பொட்டலத்தில் போய்ச் சேர்கிறார்கள், யார் அனுப்பினார்கள், எதற்காக என்று தெரிய வழியில்லை. மின்னஞ்சலில் பதிவை அனுப்பி எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2021இல் இருந்து ஆப்பிளின் மெயில் செயலி, பயனர் அந்த வசதியை வைத்திருந்தால், அஞ்சலில் உள்ள படங்களைத் தானே முன்கூட்டி இறக்கி வைத்துவிடுகிறது, அதனால் திறக்காத அஞ்சலும் திறந்ததாகக் காட்டும்.

அதனால் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நிஜ நோட்டு, பேனாவால் எழுதுவது. யாராவது கடிதம் எழுதினால், நன்றாகப் படித்துவிட்டு ஒரு பின்னூட்டம் போட்டால், வேறொருவர் தன் பதிவில் என் பதிவுக்குச் சுட்டி கொடுத்தால், தேதி போட்டு ஒரு வரி எழுதுவேன். என்ன சொன்னார்கள், எந்தப் பதிவுக்கு என்று. போன வருடம் மொத்தம் 17 வரி. அதற்கு முந்தைய வருடம் 11. பதினேழு சின்ன எண்தான், ஆனால் அந்தப் பதினேழையும் என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். அப்பாவைப் பற்றிய பதிவுக்கு மட்டும் ஆறு வந்தது, அதில் இரண்டு பேர் தங்கள் அப்பாவுக்குப் போன் செய்ததாக எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் பதிவுகளைத் தள்ளிப்போடாமல் எழுத ஆரம்பித்தேன். என் எழுத்தின் போக்கை மாற்றிய அளவுகோல் என்றால் அந்த நோட்டு ஒன்றுதான்.

பாபின்கேஸ், அந்தப் பாவாடை தைத்த அம்மாவின் கடிதத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இன்பாக்ஸில் கிடக்கிறது என்றால் முதலில் அதை எடுத்து எழுதி வையுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான், அதை அந்தக் கணக்கில் சேருங்கள்.

செம்பருத்தி எழுதியது:

விளம்பர வருமானத்துக்காக எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அங்கே பார்வைதான் காசு, அதை எண்ணித்தான் ஆக வேண்டும். கேட்டவர் விளம்பரமே இல்லை என்று சொல்லிவிட்டார், அதனால் அந்தப் பேச்சு இங்கே தேவையில்லை. ஆனால் நாளைக்கு விளம்பரம் போடலாம் என்ற எண்ணம் மனதில் ஓரமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஆலோசனை மாறும்.

பாபின்கேஸ் எழுதியது:

இல்லை, அந்த எண்ணம் இல்லை.

அரைநிலவு, அந்தக் கடிதத்தை இன்று காலையில் எடுத்து எழுதிவிட்டேன். தேடிப் பார்த்ததில் இரண்டு வருடத்தில் இந்த மாதிரி இன்னும் எட்டு வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். எட்டில் ஐந்து பழுது பார்த்து முடித்தவர்கள், மூன்று பேர் பழுதைத் தீர்க்க முடியாமல் மேலும் கேட்டவர்கள். அந்த மூன்றும் ஒரே விஷயம், பாபினை உள்ளே வைக்கும் பாபின் கேஸில் உள்ள குட்டி ஸ்க்ரூவை எவ்வளவு திருகுவது என்பதுதான். அதை ஒரே வரியில் "கொஞ்சம் தளர்த்துங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். அடுத்த பதிவு அதுதான்.

5,000 இலக்கை எடுத்துவிட்டேன். கல்யாணமுருங்கை சொன்னபடி மாதம் ஒன்று புதிது, ஒன்று திருத்தம். கிளிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பது, தினமும் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

கடைசியாக ஒரு சந்தேகம். "ஒரு மாலை நேரத்து வேலை" பதிவின் தலைப்பை மாற்றினால் பழைய சுட்டிகள் வேலை செய்யாமல் போகுமா? அந்த 9 கிளிக்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கல்யாணமுருங்கை எழுதியது:

போகாது. பிளாகரில் வெளியிட்ட பிறகு தலைப்பை மாற்றினாலும் பதிவின் முகவரி மாறாது. தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் அந்தச் சொற்கள் வருவதும் இல்லை, பிளாக் போஸ்ட் என்று போட்டு பின்னால் ஒரு எண்தான் இருக்கும், திறந்து பாருங்கள். வேறு தளத்தில் இருப்பவர்கள் முகவரியையும் மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட வேண்டும், உங்களுக்கு அந்த வேலை இல்லை.

தலைப்பில் தேடுகிறவர்கள் அடிக்கும் அதே சொற்களை வையுங்கள், "தையல் மெஷினில் நூல் அடிக்கடி அறுகிறதா? முதலில் ஊசியைப் பாருங்கள்" என்ற மாதிரி. மெஷின் கிடைத்த கதையை அழித்துவிடாதீர்கள், நன்றாக எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது, அதைக் கீழே இறக்குங்கள். ஊசியின் தட்டைப் பக்கம் தெரிகிற படம் முதல் பத்திக்கு அடுத்தே வரட்டும். எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து எது எதனால் ஏறியது என்று தெரியாது. கூகுள் புதுத் தலைப்பைக் கவனிக்க நாளாகலாம், அதற்குள் மறுபடி மாற்றிவிடாதீர்கள்.

அந்த ஸ்க்ரூ பதிவு வந்ததும் இங்கே சுட்டி கொடுங்கள். என் வீட்டு மெஷினிலும் அதுதான் பிரச்சினை.